தொப்பி போட்ட மீன்

இலோய்லோ,
செப்டம்பர் 14.

அன்புள்ள ரோவேனாவுக்கு,

மைலீன் எழுதுகிறேன். நாங்கள் நலம். பரிசு விழா வேலையாக மணிலா போயிருக்கும் நீயும் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். போனில் பேசினால் நீ என்னைச் சமாதானப்படுத்திவிடுவாய். அந்தத் திறமை உனக்கு நிறையவே உண்டு. அதனால்தான் கடிதம்.

போன வாரம் ஆறு பொங்கி உங்கள் தெருவுக்குள் முழங்கால் அளவு தண்ணீர் வந்தது. வீட்டுக்குள் தரை நனையும் அளவுதான், உன் அம்மாவுக்கு ஒன்றுமில்லை, பயப்படாதே. மறுநாள் காலையில் வீட்டைக் கழுவப் போனேன். கட்டிலுக்கு அடியில் இரண்டு அரிசிச் சாக்குகள் இருந்தன. அவிழ்த்தால் நம் புத்தகங்கள். பிள்ளைகள் யாராவது எடுத்துப் படிக்கட்டும் என்று இரண்டு வருடமாக நீ ஞாயிறுதோறும் படகுத்துறையிலும் சந்தையிலும் பூங்காவிலும் வைத்துவிட்டு வந்ததாகச் சொன்ன அத்தனையும். ஒன்றுகூட நனையவில்லை, ரோவேனா. நான் சமையல் மேசையில் உட்கார்ந்து இடுப்பு ஒடிய பிளாஸ்டிக் உறை போட்டேனே, அது அவ்வளவு நன்றாகக் காப்பாற்றியிருக்கிறது.

உன் அம்மா பாவம், எதையும் மறைக்கத் தெரியாதவர். “படம் எடுத்ததும் திருப்பி எடுத்துக்கிட்டு வந்துருவா. வெளியில கிடந்தா அழுக்காயிரும்னு சொல்லுவா” என்றார். துடைப்பத்தை வைத்துவிட்டு ஈரத்தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து உன் முகநூல் பக்கத்தில், புத்தகத்தைத் திறந்து வைத்து நீ எடுத்த பழைய படங்களை எல்லாம் பார்த்தேன். ஒவ்வொரு புத்தகத்தின் முதல் பக்கத்திலும் என் குட்டி மிக்கா நீல மெழுகுப் பென்சிலால் மீன் வரைவாளே, எல்லா மீனும் ஒன்றுபோல இருக்கும் என்றுதான் நினைத்திருந்தேன். பேச்சோடு பேச்சாக அவளிடம் கேட்டேன். “தொப்பி போட்ட மீன் ஒண்ணே ஒண்ணுதாம்மா, அதுதான் ராஜா” என்றாள். அந்த ராஜா உன் படங்களில் ஏழு இடத்தில் உட்கார்ந்திருக்கிறது.

ஏண்டி, ஊரை ஏமாற்றியதைக்கூட விடு. நீ அவளுக்கு ஞானத்தாய். ஞானஸ்நானத்தன்று கோயிலில் மெழுகுவர்த்தி பிடித்துக்கொண்டு அவளுக்காக வாக்குக் கொடுத்தவள். நீ படம் போட்டதும் பூசை உடுப்போடு அவளைக் கூட்டிக்கொண்டு அந்த இடத்துக்கு எத்தனை ஞாயிறு ஓடியிருப்பேன்! ஒரு தடவைகூடப் புத்தகம் கிடைக்கவில்லை. “யாரோ நம்மள விட வேகமா ஓடுறாங்கம்மா” என்பாள். நீதானே அவளுக்குச் சொல்லிக்கொடுத்தாய், “கிடைக்காட்டி சந்தோஷப்படு, உன்னைவிட இல்லாத பிள்ளைக்குப் போயிருக்கு” என்று. அவள் அப்படியே சந்தோஷப்பட்டாள். இரவு செபத்தில் அந்தப் பிள்ளைக்காகவும் வேண்டிக்கொள்கிறாள், இன்றுவரை. அதைக் கேட்டுக்கொண்டு பக்கத்தில் படுத்திருக்க என்னால் முடியவில்லை.

உன் பதில் எனக்குத் தெரியும். முதலில் பேர் வரட்டும், பேர் வந்தால் நன்கொடைப் புத்தகம் லாரி லாரியாக வரும் என்பாய். வந்ததுதான். மேடை, பரிசு எல்லாமே வந்துவிட்டது. ஆனால் லாரியில் வந்தவையாவது பிள்ளைகளிடம் போயினவா, அவையும் ஏதாவது கட்டிலுக்கு அடியில்தான் இருக்கின்றனவா?

சாக்குகளை நான் எடுத்து வந்துவிட்டேன். தினமும் பேக்கரிக்குப் போகும் வழியில் படகுத்துறை பெஞ்சில் ஒன்று வைத்தேன். படம் எடுக்கவில்லை. நான்காம் நாள் காவலாளி என்னைக் கூப்பிட்டார். அவர் மேசையில் நான் வைத்த மூன்றும் அடுக்கி இருந்தன. “யார் வீட்டுப் பிள்ளையோ பள்ளிக்கூடப் புத்தகத்த மறந்துட்டு மறந்துட்டுப் போகுதுங்க. வீட்டுல அடி வாங்குமேன்னு ஆளாளுக்குக் கொண்டாந்து குடுக்கறாங்க” என்றார். ஜூன் மாதம் வந்தால் ஊரில் எல்லா அம்மாவும் பிள்ளைகளின் புத்தகத்துக்கு இப்படித்தானே உறை போடுகிறோம்! உறை போட்ட புத்தகத்தை யார் எடுத்துக்கொள்வார்கள்? என் புத்தியை என்ன சொல்வது. சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

பிறகுதான் உறைத்தது. ஒரே ஒரு புத்தகத்தை நீ நிஜமாக விட்டுவிட்டு வந்திருந்தால் முதல் வாரமே இது நமக்குத் தெரிந்திருக்கும். இரண்டு வருடத்தில் ஒன்றைக்கூட நீ விடவில்லை.

இப்போது உறையைக் கழற்றி, மேல் அட்டையிலேயே ‘இது உனக்குத்தான்’ என்று எழுதி வைக்கிறேன். நேற்று மீன் கூடைக்காரி ஒருத்தி மடியில் வைத்துப் படித்துவிட்டு, கையோடு எடுத்துக்கொண்டு படகேறிப் போனாள். யாரிடமாவது சொல்ல வேண்டும்போல இருந்தது. முதலில் உன் ஞாபகம்தான் வந்தது. அதுதான் எரிச்சல்.

பரிசு விழாவில் மிக்கா உனக்குப் பூச்செண்டு கொடுக்க வேண்டும் என்று சொல்லியிருந்தாய். வெள்ளைக் கவுன் தைத்தாயிற்று. தினமும் போட்டுப் பார்க்கிறாள். நாங்கள் வரவில்லை. காரணத்தை நான் யாரிடமும் சொல்லவில்லை, அவளிடமும் சொல்லவில்லை. என் வீட்டுக்காரருக்குக்கூட இது தெரியாது.

இத்துடன் தொப்பி போட்ட மீன் புத்தகத்தை அனுப்பியிருக்கிறேன். உறை இல்லை. மாத கடைசி ஞாயிறு பூசை முடிந்து, துறைக்கு வெளியே மாமரத்தடிப் பெஞ்சு வழியாக அவளைக் கூட்டி வருவேன். மெதுவாகத்தான் வருவோம். அதற்குள் நீ ஊருக்கு வந்து, உன் கையால் இதை அங்கே வைத்துவிட்டுப் போ. படம் எடுக்காதே. எங்களைப் பார்க்க நிற்கவும் வேண்டாம்.

பெஞ்சு வெறுமையாக இருந்தால் என் முகத்தைத்தான் பார்ப்பாள். வேறு பிள்ளைக்குப் போய்விட்டது என்று இன்னொரு முறை என்னால் சொல்ல முடியாது.

கடவுள் உன்னைக் காக்கட்டும். வைத்ததை விட்டுவிட்டு நடக்கிற மனதை உனக்குக் கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
உன் ஞானமகளின் தாய்,
மைலீன்