கப்பலிலிருந்து பார்த்த கல்லூரி

‘வில்பர் ஸ்ட்ராண்ட்’ கப்பல்,
டெட்ராய்ட் ஆறு,
8 செப்டம்பர் 1996

என் வாயாடி மகள் பெர்னிக்கு,

அப்பா நலம், அப்பாவின் அடுப்பும் நலம். நீயும் அம்மாவும் வழக்கம்போலச் சண்டை போட்டுக்கொண்டு சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

காரை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகக் கல்லூரி பார்க்கப் போகிறீர்கள் என்று அம்மா எழுதியிருந்தாள். நல்ல காரியம். நான் பத்தாம் வகுப்போடு கப்பலேறியவன், கல்லூரிக்குள் கால் வைத்ததில்லை. ஆனாலும் ஒரே ஒரு கல்லூரியை எனக்கு நன்றாகத் தெரியும். சிரிக்காதே.

செயின்ட் கிளேர் ஆற்றின் மேற்குக் கரையில், மேட்டின் மேல், சிவப்புச் செங்கல் கட்டடம் ஒன்று இருக்கிறது. பச்சைக் கோபுரம், ஆறு வரைக்கும் இறங்கி வரும் புல்வெளி. கப்பல் சமையலறை ஜன்னலோரம் உட்கார்ந்து உருளைக்கிழங்கு உரிக்கும்போது அதைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். விடியற்காலையிலேயே எல்லா ஜன்னலிலும் விளக்கு எரியும். அப்படிப் படிக்கிற பிள்ளைகள்! சாயங்காலமானால் கறுப்பு அங்கி போட்டுக்கொண்டு புல்வெளியில் வரிசையாக நடப்பார்கள். பட்டமளிப்பு விழா. நாங்கள் எப்போது கடந்து போனாலும் விழாதான். எத்தனை பேர் தேறுகிறார்கள் பார்!

கேப்டன் ஹால்வர்சனிடம் சொல்லி, அந்த இடம் வந்தால் கப்பல் சங்கை ஊத வைக்கிறேன். மூன்று நீளம், இரண்டு குட்டை. கரையில் வேண்டியவர்கள் இருந்தால் நாங்கள் போடுகிற வணக்கம். “இன்னும் ஒம் பொண்ணு அங்க சேரவே இல்லையேய்யா?” என்று கேட்டார். “சேருவா, நீங்க ஊதுங்க” என்றேன்.

வருஷத்தில் முக்கால்வாசி நான் தண்ணீரில் இருக்கிறேன். உன் முதல் பல் விழுந்ததும் நீ சைக்கிள் பழகியதும் எனக்குப் புகைப்படத்தில்தான். நீ படிக்கிற இடமாவது கப்பல் போகும் வழியில் இருந்தால் வாரத்துக்கு ஒரு தரம் உன்னைக் கண்ணால் பார்த்துக்கொள்வேன். வேறு ஆசை எனக்கில்லை. அதை முதலில் போய்ப் பார்.

தபால் படகு பக்கத்தில் வந்துவிட்டது. கயிற்றில் வாளியை இறக்குகிறார்கள், இதை அதில் போட வேண்டும்.

ஆசை முத்தங்களுடன்,
அப்பா

*

அல்பீனா,
22 செப்டம்பர் 1996

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கல்லூரியைப் பார்த்துவிட்டு வந்தோம். முதலில் உட்காருங்கள். கையில் கத்தி இருந்தால் கீழே வையுங்கள்.

அது கல்லூரி இல்லை. வயதான கன்னியாஸ்திரீகள் ஓய்வாக இருக்கும் மடம். விடியற்காலை விளக்கு ஜெபத்துக்கு. கறுப்பு அங்கி அவர்கள் தினமும் போடுகிற அங்கி.

இது தெரியாமல் நான் என்ன பாடு பட்டேன் தெரியுமா? வாசலுக்கு சிஸ்டர் லுட்மிலா என்று ஒருவர் வந்தார், எண்பது வயதுக்கு மேல் இருக்கும். என்னைப் பார்த்ததும் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, “வாம்மா, வா. இங்க சேரணும்னு ஒருத்தி வந்து எத்தன வருஷமாச்சு!” என்றார். உள்ளே கூட்டிப்போய் அம்மாவுக்கும் எனக்கும் காப்பி, கேக் எல்லாம் கொடுத்தார். நானும் எழுதி வைத்திருந்த கேள்விகளை வரிசையாகக் கேட்டேன்.

“அறைய இன்னொருத்தரோட பகிர்ந்துக்கணுமா சிஸ்டர்?”

“ஆளுக்கு ஒண்ணு. ஆனா சாகுற வரைக்கும் அதே அறைதான்.”

அம்மா என் விலாவில் இடித்தாள். எனக்கு அப்போதும் உறைக்கவில்லை. “பசங்களும் இதே கட்டடத்துலயா?” என்று கேட்டுவிட்டேன். சிஸ்டர் சிலுவை போட்டுக்கொண்டார்.

விஷயம் வெளியே வந்ததும் அவர் சிரித்த சிரிப்பில் பல்செட் கழன்று மடியில் விழுந்தது. அதை மாட்டிக்கொண்டு திடீரென்று கேட்டார்: “அந்தக் கப்பலா? மூணு நீளம், ரெண்டு குட்டை?” அவர்கள் அந்தச் சத்தத்துக்காகவே சாயங்காலம் புல்வெளிக்கு இறங்கி வருகிறார்களாம். “எங்களுக்குத்தான் ஊதுறாங்கன்னு நெனச்சிட்டிருந்தோம்” என்றார். முகம் வாடிப்போய்விட்டது. அம்மா சட்டென்று, “ஒங்களுக்குத்தான் சிஸ்டர். என் வீட்டுக்காரர் வேற யாருக்கு ஊதப்போறார்?” என்றாள். அம்மா இவ்வளவு அழகாகப் பொய் சொல்வாள் என்று எனக்குத் தெரியாது.

மறுநாள் ஹார்லன் பல்கலைக்கழகம். ஒரு ஊர் அளவுக்கு இருக்கிறது. சுற்றிக்காட்டும் பெண் நம்மைப் பார்த்துப் பேசிக்கொண்டே பின்னோக்கியே நடக்கிறாள், குப்பைத்தொட்டியில் மோதுகிறாள், புன்னகையை மட்டும் விடுவதில்லை. ஒரு வகுப்பில் முந்நூறு பேர். எனக்குப் பிடிக்கவில்லை.

தயவுசெய்து கண்ணாடி போடுங்கள் அப்பா.

உங்கள் அருமை மகள்,
பெர்னி

*

‘வில்பர் ஸ்ட்ராண்ட்’,
2 அக்டோபர் 1996

அடி போக்கிரி,

உன் கடிதத்தைச் சாப்பாட்டு மேஜையில் எல்லாருக்கும் சத்தமாகப் படித்துக்காட்ட ஆரம்பித்தேன். கல்லூரியைப் பற்றிப் பெருமையாக ஏதோ எழுதியிருப்பாய் என்ற நினைப்பு. இரண்டாவது பத்தியில் நிறுத்தப் பார்த்தேன், எஞ்சின்காரன் ஸ்டாஷ் பிடுங்கிக்கொண்டு மீதியைப் படித்தான். அன்றிலிருந்து கப்பலில் என் பெயர் ‘டீன்’. “டீன் ஐயா, இன்னிக்கி சூப்பு என்ன?” என்று கேப்டனே கேட்கிறார்.

சங்கு ஊதுவதை மட்டும் அவர் நிறுத்தவில்லை. “நவம்பர்ப் புயல் வருது. இருவத்தஞ்சு கன்னியாஸ்திரீங்க நமக்காக வேண்டிக்கிட்டா வேணாம்னா சொல்லப்போற?” என்கிறார். இந்தக் குளிர்காலத்தில் கப்பல் கரையில் கட்டிக் கிடக்கும்போது கண்ணாடி வாங்கிவிடுகிறேன். அம்மாவிடம் சொல்லாதே, ஜெயித்துவிட்டதாகத் துள்ளுவாள்.

ஹார்லனில் சாப்பாடு எப்படி என்று ஒரு வரி எழுதவில்லையே, நீ யார் பெற்ற பெண்? அடுத்து எங்கே? பக்கத்தில் தண்ணீர் இருக்கிறதா?

உன் டீன்,
அப்பா

*

காரிலிருந்து, இண்டியானா,
19 அக்டோபர் 1996

அன்புள்ள டீன் அப்பாவுக்கு,

போன வாரம் போர்ட் அன்செல்ம் கல்லூரிக்குப் போனோம். சுப்பீரியர் ஏரிக்கரையில், நீங்கள் இரும்புத் தாது ஏற்றும் துறைமுகத்துக்கு நேர் மேலே இருக்கிறது. நூலகத்தில் மூன்றாவது மாடி ஜன்னலில் நின்றால் கப்பல் வருவதும் போவதும் தெரிகிறது. அம்மா அங்கேயே நின்றுவிட்டாள். “ஒங்கப்பாவோட புகைக்கூண்டுகூடத் தெரியும்டி” என்றாள்.

அங்கே சுற்றிக்காட்டும் பையனும் பின்னோக்கித்தான் நடக்கிறான், அதுவும் ஏரியைப் பார்த்து இறங்குகிற சரிவில். அவன் பேசியது ஒன்றும் என் காதில் ஏறவில்லை, விழுந்துவிடுவானோ என்றே பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லாக் கட்டடத்திலும் நனைந்த கம்பளிச் சட்டை வாடை. விடுதி அறையில் ஜன்னலைத் திறந்தால் மூட முடியாது, மூடினால் திறக்க முடியாது.

இப்போது சாப்பாடு. உருளைக்கிழங்கு மசியல் பொடியைக் கரைத்துச் செய்தது அப்பா! கரண்டியை நட்டால் நிற்கிறது. ஒரு பெண்ணிடம் தினமும் இதுதானா என்று கேட்டேன். “செவ்வாக்கெழம மேல கொழம்பு ஊத்துவாங்க” என்றாள். நீங்கள் பார்த்தால் அங்கேயே உட்கார்ந்து அழுதிருப்பீர்கள். மற்றபடி நல்ல இடம்தான். கப்பல் தெரிகிறதே.

இன்று எங்கள் அறிவியல் ஆசிரியர் சொன்னாரே என்று இண்டியானாவில் ஹோல்கம் கல்லூரிக்கு வந்தோம். சுற்றிலும் சோளம். தண்ணீர் கிடையாது. மண்ணைப் பற்றிப் படிப்பதற்காகக் குழி வெட்டி வைத்திருந்தார்கள். அம்மாவுக்குக் கால் வலி, கிளம்பிவிட்டோம்.

ஓரத்தில் இருக்கும் கறைக்கு மன்னிக்கவும்.

உங்கள்,
பெர்னி

*

அல்பீனா,
10 ஏப்ரல் 1997

அன்புள்ள அப்பாவுக்கு,

நீங்கள் கப்பலேறிப் போனதிலிருந்து வீடு சத்தமில்லாமல் கிடக்கிறது. அம்மா யாருக்குச் சமைப்பது என்று தெரியாமல் பியரோகிக் கொழுக்கட்டையைச் சட்டி சட்டியாகச் செய்து அக்கம்பக்கத்துக்குக் கொடுக்கிறாள்.

மூன்று கல்லூரியிலும் இடம் கிடைத்துவிட்டது! மே முதல் தேதிக்குள் எங்கே சேர்கிறேன் என்று சொல்லியாக வேண்டும். யோசிக்க ஒன்றுமில்லை. போர்ட் அன்செல்முக்கே போகிறேன். ‘வில்பர் ஸ்ட்ராண்ட்’ தாது ஏற்ற வரும்போதெல்லாம் மூன்றாவது மாடி ஜன்னலில் நின்று கையாட்டுவேன். நீங்களும் சங்கு ஊதச் சொல்லுங்கள். இந்தத் தடவை உண்மையிலேயே உங்கள் பெண் அங்கே இருப்பாள்.

பொடி உருளைக்கிழங்கு பழகிவிடும்.

அன்புடன்,
பெர்னி

*

‘வில்பர் ஸ்ட்ராண்ட்’,
18 ஏப்ரல் 1997

என் கண்ணே பெர்னி,

போர்ட் அன்செல்ம் வேண்டாம்.

ஜனவரியில் ஸ்டாஷின் பேரக்குழந்தையைப் பார்க்க டொலீடோ போகிறேன் என்று சொன்னேன் அல்லவா? ஸ்டாஷுக்குக் கல்யாணமே ஆகவில்லை. நான் போனது ஹோல்கம். நேரில் சொன்னால் என் முகத்தைப் பார்த்து, எனக்குப் பிடித்த பதிலையே நீ சொல்வாய். அதனால்தான் கப்பலேறி வந்தபிறகு எழுதுகிறேன்.

புதுக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அங்கே சுற்றிப்பார்க்கிற கூட்டத்தில் சேர்ந்துகொண்டேன். ஒரு பையன் பனியில் பின்னோக்கி நடந்தான். கப்பலைத் துறையில் கட்டும்போது கத்துவதுபோல, “எடது பக்கம்! எடது! மெதுவா!” என்று கடைசிவரை கத்திக்கொண்டே போனேன். அவன் ஒரு இடத்தில்கூட மோதவில்லை. “சார், ஒங்க பிள்ளை எங்க?” என்று கேட்டான். “அவ முன்னாடியே வந்துட்டுப் போயிட்டா. நான்தான் லேட்டு” என்றேன்.

அப்புறம் சமையலறைக்குப் போனேன். அசல் உருளைக்கிழங்கு! மூட்டை மூட்டையாக. சும்மா நிற்கப் பிடிக்காமல் நானும் ஒரு வாளி உரித்துக் கொடுத்தேன்.

மண் பாடம் நடத்தும் பேராசிரியரையும் பார்த்தேன். அல்பீனா என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். “அக்டோபர்ல ஒரு பொண்ணு நல்ல செருப்போட குழிக்குள்ள குதிச்சா சார். அவங்கம்மா மேல நின்னு ‘ஏறி வாடீ’ன்னு கத்துறாங்க. அவ காதுலயே வாங்கல. ஒவ்வொரு அடுக்கா மண்ணக் கிள்ளிப் பாத்து, இதுக்கு மேல ஒரு காலத்துல தண்ணி நின்னிருக்குன்னு தானாவே சொன்னா.”

“அது என் பொண்ணுதான்” என்றேன்.

பெர்னி, பிடிக்காத இடத்தைப் பற்றி உருளைக்கிழங்குவரை பக்கம் பக்கமாக எழுதினாய். ஹோல்கமுக்கு நாலு வரி, ஓரத்தில் ஒரு கட்டைவிரல் சேறு. உன் அம்மாவும் இப்படித்தான். ஊர்ப் பையன்கள் எல்லாரையும் பற்றித் தோழிகளிடம் கதை கதையாக அளப்பாளாம். என் பேச்சு வந்தால் மட்டும் வாயையே திறக்கமாட்டாளாம்.

எனக்கு வருத்தமில்லை என்று பொய் சொல்லமாட்டேன். நிறைய வருத்தம் இருக்கிறது. அந்த மூன்றாவது மாடி ஜன்னலை நினைத்து நினைத்துப் பார்த்தேன். ஆனால் நாங்கள் அங்கே தாது ஏற்ற நிற்பது வாரத்தில் சில மணி நேரம். மற்ற நேரமெல்லாம் நீ அங்கே என்ன செய்வாய், பொடி மசியலைத் தின்றுகொண்டு?

ஹோல்கமுக்கு எழுதிப் போடு. ஜனவரியில் கப்பல் கட்டிக் கிடக்கும், வழியும் இப்போது தெரியும். வந்தால் உரிக்க ஒரு வாளி தருவதாக அந்தச் சமையல்காரர் சொல்லியிருக்கிறார்.

தபால் வாளி இறங்குகிறது.

அப்பா

*

ஹோல்கம்,
24 ஆகஸ்ட் 1997

என் செல்ல அப்பாவுக்கு,

வந்து சேர்ந்துவிட்டேன். அறைத்தோழி ஜோலீன் பன்றிப் பண்ணைக்காரி, நல்லவள், தூக்கத்தில் பன்றிகளை அதட்டுகிறாள். நாளைக்கே குழிக்குள் இறக்கிவிடுகிறார்களாம்.

உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். வரும் வழியில் வேண்டுமென்றே சுற்றிக்கொண்டு மடத்துக்குப் போனோம். அம்மா கப்பல் கம்பெனிக்குப் போன் போட்டு நீங்கள் வெள்ளிக்கிழமை சாயங்காலம் அங்கே கடப்பீர்கள் என்று கேட்டு வைத்திருந்தாள். சிஸ்டர் லுட்மிலா என்னைக் காட்டி எல்லாரிடமும், “இவதான் நம்ம காலேஜ்ல சேராம ஓடிப்போனவ” என்றார்.

புல்வெளியில் வரிசையாக நின்றோம். கப்பல் வந்தது. மூன்று நீளம், இரண்டு குட்டை. அவர்கள் எல்லாரும் கைக்குட்டை ஆட்டினார்கள், நான் இரண்டு கையையும் ஆட்டினேன், கத்தினேன்கூட. சமையலறை ஜன்னலையே பார்த்தேன் அப்பா. அங்கே நீங்கள் இல்லை. அடுப்பில் வேலையாக இருந்திருப்பீர்கள். பரவாயில்லை. நான் உங்கள் கப்பலைப் பார்த்துவிட்டேன்.

உங்கள்,
பெர்னி

*

‘வில்பர் ஸ்ட்ராண்ட்’,
1 செப்டம்பர் 1997

பெர்னி,

ஜன்னலில் எப்படியடி இருப்பேன்? கேப்டன் தொலைநோக்கியில் பார்த்துவிட்டு, “டீன், சீக்கிரம் மேல வாய்யா! விழாவுல ஒரு மஞ்சச் சட்ட!” என்று கூப்பிட்டார். இந்த உடம்பைத் தூக்கிக்கொண்டு படியெல்லாம் எப்படி ஏறினேன் என்று எனக்கே தெரியாது. அன்றைக்குச் சங்கு ஊதியது அவரில்லை, நான். சங்குக் கயிற்றை என் கையில் கொடுத்துவிட்டார்.

தொலைநோக்கி வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். என் கண்ணாடியே போதுமாக இருந்தது. கறுப்பு அங்கிகளுக்கு நடுவே ஹோல்கம் பெயர் போட்ட மஞ்சள் சட்டை, அதன் மேல் உன் முகம், நீ கத்துகிற வாய்.

நாலு வருஷம் கழித்து நீ பட்டம் வாங்கும் நாளில் நான் எந்த ஏரியில் இருப்பேனோ, தெரியாது. ஆனால் உன் விழாவை நான் பார்த்தாகிவிட்டது. எல்லாருக்கும் முன்னால், முதல் ஆளாக.

இறங்கி வந்தால் சூப்பு அடிப்பிடித்துப் போயிருந்தது. அன்றைக்கு அத்தனை பேரும் அதை ஒரு குறையும் சொல்லாமல் குடித்தார்கள்.

அப்பா