நாலு நாள் வெள்ளரிக்காய்

தொம்மலூர் சூப்பர் மார்க்கெட்டில் இன்று சாயங்காலம் ஒரு பெண் என்னை வழிமறித்தாள். கையில் கட்டைவிரல் உயரத்துக்கு ஒரு பிளாஸ்டிக் பாட்டில். "சார், இதுல கோடிக்கணக்குல நல்ல பாக்டீரியா இருக்கு. ஷுகர் இருக்கறவங்களுக்குக்கூட நல்லது சார்" என்று மூடியைத் திறந்தாள். அந்தப் புளித்த பால் வாசனை! உன் பட்டறையில் கிரீஸ் நாற்றத்தையும் மீறி அடித்துக்கொண்டிருந்த அதே வாசனை. நீ போய் ஆறு வருஷம் ஆகிறது. இன்னும் அதே பாட்டைத்தான் பாடுகிறார்கள்.

அடுகோடியில் லேத் வைத்திருந்த நீ, மூன்று மாதத்துக்கு ஒருமுறை அல்சூரில் நான் ரத்தம் எடுக்கும் லேபுக்கு வந்து கையை நீட்டுவாய். அதற்கு முந்தைய நாலு நாள் உன் விரதம் எனக்குத் தெரியும். சோறு கிடையாது, வெள்ளரிக்காயும் மோரும்தான், இரண்டு வேளையும் ஏரிக்கரையில் நடை. ரத்தம் கொடுத்த கையோடு நேரே ஜிலேபிக் கடை. "டாக்டர்கிட்ட திட்டு வாங்க நம்மால ஆகாது மச்சா" என்பாய். டாக்டரை ஏமாற்றிவிட்டதாக ஒரு பெருமை வேறு. நானும் பல்லை இளித்துக்கொண்டு ஊசியைக் குத்தினேன்.

அப்புறம் பொடி விற்க அந்தக் கோட்டுக்காரன் வந்தான். குடலில் நல்ல கிருமிகளைக் குடியேற்றினால் சர்க்கரை தானாக இறங்கும், மாத்திரையே வேண்டாம் என்றான். அவன் பொடியைப் பாலில் கலக்கிக் குடித்ததோடு நிற்காமல், நீ அதை விற்கவும் கிளம்பினாய். என் மனைவி முகர்ந்து பார்த்துவிட்டு, "நம்ம வீட்டு மோருக்குக் கோட்டு சூட்டு மாட்டி விக்கறாங்க" என்றாள். எங்கள் லேப் டாக்டரைக் கேட்டேன். "கொஞ்சம் உதவலாம், உதவாமலும் போகலாம். இன்னும் ஆராய்ச்சி பண்ணிட்டுத்தான் இருக்காங்க. மாத்திரையை மட்டும் நிறுத்த வேணாம்னு சொல்லுங்க" என்றார். பாக்டீரியா பாவம், அது யாரையும் ஏமாற்றவில்லை. 'உதவலாம்' என்பதை 'குணமாக்கும்' என்று மாற்றி விற்றவன் மனிதன்தான்.

பொடிக்கு முந்தைய சோதனைக்கு உன் தங்கை மகள் கல்யாண விருந்தின் மறுநாள் வந்தாய். சர்க்கரை எகிறியிருந்தது. ஒரு மாதம் பொடி குடித்தபின், வழக்கமான நாலு நாள் வெள்ளரிக்காயோடு வந்தாய். இறங்கியிருந்தது. இறங்காமல் என்ன செய்யும்? இரண்டு ரிப்போர்ட்டையும் ஒரே அட்டையாக லேமினேட் செய்து, கழுத்தில் மாட்டிக்கொள்ளாத குறையாக அலைந்தாய். "மூணு மாசச் சராசரியைக் காட்டற டெஸ்ட் இருக்குடா, அதை எடுப்போம். உன் நாலு நாள் பித்தலாட்டம் அதுகிட்ட பலிக்காது" என்றேன். "சும்மா இரு மச்சா! ரிசல்ட் சக்கத்தா, சூப்பரா வந்திருக்கு, அதைப் போய் ஏன் கெடுக்கறே?" என்றாய்.

ஓட்டல் ஹாலில் நடந்த பொடி விற்பவர்கள் கூட்டத்துக்கு என்னையும் இழுத்துப் போனாய். அட்டையைத் தூக்கிக் காட்டி, "இதோ, ரத்தம் எடுத்தவரே வந்திருக்கார்" என்றாய். கோட்டுக்காரன் கை தட்டினான், ஹாலே தட்டியது. நான் எழுந்து நின்று கும்பிட்டேன். த்தூ! 'இவன் நாலு நாளாகச் சோறு தின்னவில்லை' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். உன் மனம் கோணுமாம், அதனால் வாயை மூடிக்கொண்டேனாம். மறுநாள் நீ மாத்திரையைத் தூக்கிப் போட்டாய்.

சில மாதம் கழித்துப் பட்டறையில் லேத் சீவிப்போட்ட இரும்புச் சுருள் உன் பாதத்தில் ஏறியது. வருஷக்கணக்கான சர்க்கரையில் கால் மரத்திருந்ததால் உனக்கு உறைக்கவேயில்லை. நாற்றம் வந்தபிறகுதான் பார்த்தாய். அப்போதும் கோட்டுக்காரன் போனில், "பாடி க்ளீன் ஆகுது சார், டோஸை டபுள் பண்ணுங்க" என்றானாம். காலை எடுத்தார்கள். அதற்குள் சீழ் ரத்தத்தில் கலந்திருந்தது. சாவுக்கு அந்த நாய் எட்டிப் பார்க்கவில்லை. பதினாறாம் நாள் உன் மனைவி அந்த அட்டையை என்னிடம் நீட்டி, "உங்க கையெழுத்துதானேண்ணா, நீங்களே வச்சுக்கோங்க" என்றாள். குரலில் கோபம்கூட இல்லை.

இன்று நான் கடைக்கு எதற்குப் போனேன் தெரியுமா? போன வருஷம் எனக்கும் சர்க்கரை வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை சோதனை. அந்தப் பெண்ணை முறைத்துவிட்டு நகர்ந்த பிறகுதான் என் கூடையைப் பார்த்தேன். உள்ளே ஒரு கிலோ வெள்ளரிக்காய். ஆறு வருஷமாக உன்னை முட்டாள் முட்டாள் என்று திட்டியவன் வாங்கியது.

எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்து, வீட்டில் எப்போதும் சாப்பிடுவதைச் சாப்பிட்டேன். மூன்று மாதச் சராசரிச் சோதனைக்கும் சேர்த்துச் சீட்டு எழுதியாயிற்று. ரத்தம் எடுக்கப்போவது லேபில் புதிதாகச் சேர்ந்த பெண். உன் அட்டையை மேசை இழுப்பறையிலிருந்து எடுத்துக் காட்டித்தான் அவளுக்கு வேலை சொல்லிக்கொடுத்தேன். யாராக இருந்தாலும் ஊசி குத்துமுன், "நாலு நாளா என்ன சாப்பிட்டீங்க?" என்று கேட்கச் சொல்லியிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அவள் என்னையும் கேட்பாள்.