பத்து விரல் மை

என் செல்ல மகளுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் ஏதோ நடமாடிக்கொண்டிருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் வயிற்றிலிருக்கும் குட்டியும் சௌக்கியமாக இருக்க வேண்டும். ஏழாம் மாதம் ஆகிவிட்டது, மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்து இறங்கு, பாத்ரூம் தரை ஈரமாக இருந்தால் கால் வைக்காதே. அப்பாவுக்கு இருமல் குறைந்துவிட்டது, வாய்தான் குறையவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். உன் பிரசவத்துக்கு அங்கே வர விசாவுக்குக் கேட்ட போலீஸ் சான்றிதழ் நேற்று கைக்கு வந்துவிட்டது. என் பெயரில் எந்த வழக்கும் இல்லையாம். அடேயப்பா, தீர்ப்பு வந்து பதினாலு மாதம் கழித்து இதைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். வார்டில் அந்த நோயாளி அம்மாவின் வளையலைக் காணோம் என்றதும் ஆயா நான்தானே என்று ஒரே மணி நேரத்தில் என்னை ஸ்டேஷனில் உட்கார வைத்தார்கள், அப்போது மட்டும் எல்லோர் காலிலும் சக்கரம். வளையல் அந்த அம்மாவின் மருமகள் பையிலேயே கிடைத்து, ஜட்ஜ் ஐயா நான் குற்றமற்றவள் என்று சொன்ன பிறகும் கம்ப்யூட்டரில் நான் திருடியாகவே உட்கார்ந்திருந்தேன். தீர்ப்பு நகலோடு போலீஸ் ஆபீசுக்குப் போனால் முதல் மாடிக்காரன் இரண்டாம் மாடிக்கு அனுப்புவான், அவன் மூன்றாம் மாடிக்கு அனுப்புவான், மூன்றாம் மாடியில் ஆள் சாப்பிடப் போயிருப்பான்.

போன வாரம் நடந்த கூத்தைக் கேள். என் கைரேகையை அழிக்க வேண்டுமானால் மறுபடியும் கைரேகை வைக்க வேண்டுமாம். பழைய ரேகை உங்களோடதுதானான்னு ஒத்துப் பாக்கணும்ல, கோவிச்சுக்காதீங்கம்மா என்றார் கிளார்க். பத்து விரலிலும் மை. முப்பது வருஷம் பினாயில் ஊற்றித் தரை துடைத்த கை, ரேகை சரியா விழலையேம்மா என்று மூன்று தடவை அழுத்தினார். திருடின்னு எழுதிக்கிட்டப்போ மட்டும் அழகா விழுந்துச்சே சார் என்று கேட்டேன், மை டப்பாவை மூடி வைத்தார். பஸ்ஸில் கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு வந்தேன். எனக்கு எதற்கு வெட்கம், சொல்லு. ஆனாலும் மறைத்தேன். வயிறு எரிந்தது.

அதைவிட எரிந்தது ஒன்று உண்டு. வீட்டில் அந்த மையைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருக்கும்போதுதான் அங்கிருந்து உன் மாமியார் போன் செய்தார். சம்பந்தி, முட்டி வலி எப்படி இருக்கு, அதனாலதான் பிரசவத்துக்கு வர முடியலைன்னு மருமக சொன்னா, நல்ல தைலம் ஒண்ணு இருக்கு, அனுப்பட்டுமா என்று அக்கறையாக விசாரித்தார். எனக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும், இப்ப கொஞ்சம் தேவலை சம்பந்தி என்று நானும் சொல்லிவைத்தேன். பெற்ற மகளைக் காட்டிக்கொடுக்க மனசு வரவில்லை. லிஃப்ட் ஒரு நாள்கூட ஓடாத அந்த மூன்று மாடியையும் பதினாலு மாதம் ஏறி இறங்கிய முட்டியடி இது. தெருவே என்னைத் திருடி என்றபோது வராத அழுகை அன்றைக்கு வந்தது. புகுந்த வீட்டில் உனக்குத் தலைகுனிவு வந்துவிடும் என்று பயந்திருப்பாய், தெரிகிறது. ஆனால் நான் செய்யாததை நீயே மூடி மறைத்தால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்?

அசலை விசாவுக்குக் கொடுக்க அப்பா போயிருக்கிறார். சான்றிதழ் நகலும் தீர்ப்பு நகலும் இதோடு வைத்திருக்கிறேன், இரண்டும் உன் மாமியாருக்கு. உன் கையாலேயே கொடு, உன் வாயாலேயே சொல்லு. பெட்டியைப் பரணிலிருந்து இறக்கித் துடைத்து வைத்தாயிற்று. சொல்லிவிட்டேன் அம்மா என்று நீ எழுதும் வரை அதில் ஒரு துணிகூட வைக்க மாட்டேன்.

நல்லபடியாகப் பெற்றுப் பிழைத்து, தாயும் பிள்ளையும் நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும். இரும்புச்சத்து மாத்திரையை மறக்காதே.

இப்படிக்கு,
முட்டி நன்றாக இருக்கும் உன் அம்மா