ஸ்டெல்லா பிரசவத்துக்கு வாங்க வேண்டியவை

அக். 14, திங்கள்

காலையிலிருந்து தூறல். கடையில் வேலை இல்லை. மழை இறங்கிவிட்டால் பம்ப்செட்டை யார் ரிப்பேருக்குக் கொண்டுவருகிறார்கள்.

மகள் ஸ்டெல்லாவுக்கு எட்டாம் மாதம் முடியப்போகிறது. தலைப்பிரசவம் நம் வீட்டில்தான் என்று போய் அழைத்து வந்தவன் நான். பெரிய ஆள் மாதிரி. அவள் அம்மா லூர்து இருந்திருந்தால் இந்நேரம் எல்லாம் தயாராக இருந்திருக்கும். அவள் போய் நான்கு வருடம். இன்ஜினைத் திறந்தால் என்னென்ன சாமான் வேண்டும் என்று எனக்குத் தெரியும். பிறக்கப்போகும் குழந்தைக்கு?

நாலு பேரிடம் கேட்டு எழுதியது:
ஜப்லா சட்டை 6 (12 என்கிறார் ஒருவர்)
இடுப்புத் துணி 2 டஜன்
ரப்பர் ஷீட் 2 மீ.
குடை கொசுவலை 1
சோப்பு, பவுடர்
துண்டு, மெல்லியதாக. எத்தனை?

கையில் ஆயிரத்து ஐந்நூறு. ஆஸ்பத்திரிக்குத் தனி.

அக். 16, புதன்

வெயில். தஞ்சாவூர் போனேன். கடைப் பெண் குழந்தைக்கு எத்தனை மாதம் என்று கேட்டாள். இன்னும் பிறக்கவில்லை என்றேன். ஆணா பெண்ணா என்றாள். அதற்கும் அதே பதில். பக்கத்தில் துணி பார்த்துக்கொண்டிருந்த அம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, வீட்டில் பெண்கள் யாரும் இல்லையா என்று கேட்டார். ரப்பர் ஷீட் மட்டும் வாங்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன். கொண்டுபோன குடையைக் கடையிலேயே மறந்துவிட்டேன்.

அடுத்த வீட்டு டீச்சர், பிறக்கும் முன் புதுத்துணி வாங்கவே கூடாது என்கிறார். சுகாதார நர்ஸம்மா, இப்போதே வாங்கித் துவைத்து வெயிலில் காயவைக்கச் சொல்கிறார். இருவருமே மூன்று பெற்றவர்கள். யார் பேச்சைக் கேட்பது?

அக். 19, சனி

ஸ்டெல்லா பட்டியலை வாங்கிப் பார்த்தாள். சிவப்பு மையில் சேர்த்திருக்கிறாள்: பால் பாட்டில் 6. பால் பவுடர். ஸ்வெட்டர், ஒரு வயது அளவு. செருப்பு (அளவு பின்னால் சொல்கிறேன்).

குழப்பம். இவளே தஞ்சாவூரில் ஸ்டாஃப் நர்ஸாக இருந்தவள். தாய்ப்பால்தான் கொடுக்க வேண்டும் என்று ஊருக்கெல்லாம் சொன்னவள். பாட்டில் எதற்கு என்று கேட்டேன். வாங்கி வையுங்கள் என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மதியம் ரசம். உப்பு அதிகம். என் தப்பு.

அக். 20, ஞாயிறு

பூசை முடிந்து வந்ததும் சொன்னாள்.

"நாப்பது நாளுக்குப் போடாதீங்கப்பா. ரெண்டு வருஷத்துக்குப் பட்டியல் போடுங்க."

மஸ்கட்டில் ஒரு ஆஸ்பத்திரியில் அவளுக்கு வேலை கிடைத்திருக்கிறது. மாப்பிள்ளை அல்போன்ஸ் அங்கே ஏ.சி. மெக்கானிக், அவர் முயற்சி. பிப்ரவரி கடைசியில் சேர வேண்டும். குழந்தைக்கு அப்போது மூன்று மாதம். நர்ஸ்கள் ஹாஸ்டலில் குழந்தைக்கு இடம் கிடையாது. ஒப்பந்தம் இரண்டு வருடம்.

மாமியாரிடம் விடலாமே என்றேன். அவருக்கே கண் சரியாகத் தெரியவில்லையாம்.

"உங்ககிட்டதாம்ப்பா விடணும்னு நெனச்சேன்."

ஞாயிற்றுக்கிழமை கடையைத் திறந்தேன். நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஒரு மோட்டாரைப் பிரித்துப்போட்டேன்.

அக். 22, செவ்வாய்

மழை. வாய்க்கால் நிறைய ஓடுகிறது. நடவு ஆட்கள் சாக்கைப் போர்த்திக்கொண்டு போகிறார்கள்.

கோபமா சந்தோஷமா என்று தெரியவில்லை. வீட்டில் ஒரு குழந்தை இருக்கும். அதை நினைத்தால் சந்தோஷம்தான். அதன் அம்மா இருக்க மாட்டாள்.

ஸ்டெல்லா பிறந்தபோது நான் வடக்கே பிலாயில் வேலையில் இருந்தேன். வந்து பார்க்கும்போது அவளுக்கு ஐந்து மாதம். தூக்கப் போனேன், வீறிட்டு அழுதாள். லூர்து சிரித்தாள். நான் திரும்பிப் போகும் வரை என்னிடம் வரவே இல்லை. எனக்கு என்ன தெரியும் என்று என்னிடம் விடுகிறாள்?

அக். 23, புதன்

எஸ்.டி.டி. பூத்திலிருந்து மாப்பிள்ளைக்குப் பேசினேன். ஸ்டெல்லாவிடம் சொல்லவில்லை. ஒரு மூன்று மாதம் தள்ளிப்போட முடியுமா என்று கேட்டேன். மீட்டர் மட்டும் ஓடியது. கேட்டுப் பார்க்கிறேன் மாமா என்றார். அவர் குரலும் ஒரு மாதிரிதான் இருந்தது.

ஜப்லா 6 வாங்கினேன். டீச்சருக்குத் தெரியாமல்.

அக். 25, வெள்ளி

மாப்பிள்ளை டீச்சர் வீட்டுப் போனில் அவளைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். அங்கே மே மாதம் வரை பொறுப்பார்களாம். நல்ல சேதி என்று நினைத்தேன். ஸ்டெல்லா முகம் சிவந்து வந்து நின்றாள்.

"யாரைக் கேட்டுப் பேசினீங்க?"

உனக்காகத்தான் என்றேன். குழந்தை ஆறு மாதமாவது உன்னிடம் இருக்கட்டுமே என்றேன்.

"மூணு மாசத்துல விட்டுட்டுப் போன்னா போயிடுவேன். ஆறு மாசம் ஆச்சுன்னா என்னால முடியாதுப்பா."

சாப்பிடவில்லை. நானும்தான். நான் செய்தது உதவியா உபத்திரவமா?

நவ. 4, திங்கள்

ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். பிப்ரவரி என்றே. ரிஜிஸ்டர் தபாலில் போடச் சொல்லி வெள்ளிக்கிழமையே கொடுத்தது. சனிக்கிழமை தபாலாபீஸ் வாசல் வரை போனேன், திரும்பிவிட்டேன். சட்டைப்பையிலேயே வைத்திருந்தேன். போட்டுவிட்டீர்களா என்று அவள் கேட்கவே இல்லை. இரண்டு நாளும் கேட்கவில்லை.

இன்று போட்டேன். ரசீதை அவளிடம் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு, குழந்தையை எப்படிக் குளிப்பாட்டுவது என்று சொல்லிக் கொடுக்கட்டுமா என்றாள். தலையணையைக் காலில் போட்டுக் காட்டினாள். எனக்குக் கால் நீட்டி உட்காரவே வரவில்லை. ரொம்ப நாளைக்குப் பிறகு சிரித்தாள்.

சேர்க்க: பிளாஸ்டிக் டப் 1.

நவ. 17, ஞாயிறு

சொன்ன தேதிக்கு எட்டு நாள் முன்னதாகவே வலி. விடியற்காலை ஆட்டோ, கொட்டும் மழை. பையில் பாதிச் சாமான்தான் இருந்தது. கொசுவலை இன்னும் வாங்கவே இல்லை.

ஒன்பது மணிக்குப் பிறந்தது. பெண். இரண்டே முக்கால் கிலோ. ஸ்டெல்லா நன்றாக இருக்கிறாள்.

நர்ஸ் குழந்தையைத் துணியில் சுற்றிக்கொண்டு வெளியே வந்தாள். வராந்தாவில் ஏழெட்டுப் பெண்கள் நின்றார்கள்.

"ஸ்டெல்லா குழந்தைக்குப் பாட்டி யாருங்க?"

மறுபடி கேட்டாள்.

"நான்தாங்க" என்று கையை நீட்டினேன்.