ஈரல் என்று நினைத்து வளர்த்தவை

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே அனைவரும் சுகம். உன் சுகத்தைப் பற்றித்தான் நான்கு நாட்களாக வீட்டில் கருத்து வேறுபாடு. ஞாயிறு காலை நானும் அம்மாவும் உன் மாமாவும் கூடி, நெடுநேரம் விவாதித்து ஒரு முடிவுக்கு வந்திருக்கிறோம். உன் வேலை எப்படி என்று கேட்பவர்களிடம் இதுவரை "ரொம்ப நல்லாப் போகுது" என்று சொல்லிவந்தோம். இனி "போகுது" என்று மட்டும் சொல்வது. முடிவு ஏகமனதானது. அன்று மாலையே எதிர்வீட்டுப் பல் டாக்டரிடம் அம்மா அதை அமல்படுத்தினாள். அவர் உடனே, "ஏன், பொண்ணுக்கு உடம்பு சரியில்லையா?" என்று கேட்டுவிட்டார்.

நீ போனில் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் திருப்பிச் சொல்கிறேன், தப்பிருந்தால் திருத்து. மூன்று வருடமாக ஈரல் செல் என்று நினைத்து நீ வளர்த்தவை ஈரல் செல்லே இல்லை. உன் கைக்கு வருவதற்கு முன்பே எப்போதோ ஒரு சொட்டில் வேறொரு புற்றுநோய் செல் கலந்து, மளமளவென்று பெருகி, பழைய செல்லை ஒழித்துக்கட்டிவிட்டு அதன் பெயரிலேயே குடியிருந்திருக்கிறது. மாமா, "மூணு வருஷமா தீனி போட்டு வளர்த்திருக்கா, யாரு எவருன்னு விசாரிக்க மாட்டாளா?" என்றார். விசாரித்ததால்தானே இந்த வினை என்றேன். டி.என்.ஏ. சோதனை செய்து பார் என்று உன்னை யாரும் கேட்கவில்லை.

அம்மாவுக்குத் தூக்கமில்லை. அந்த செல்லை வைத்து நீ வெளியிட்ட கட்டுரையைத் திரும்பப் பெறுவதாக ஆய்விதழுக்கு நீ எழுதினால், அடுத்த வாரம் நிரந்தர வேலைக்கான இன்டர்வியூவில் முதலில் அதைத்தான் கேட்பார்கள், வேலை கிடைக்காவிட்டால் மாதக் கடைசியில் நீ அந்த ஊரையே காலி செய்ய வேண்டும். "அவ லேப் ஹெட்டே இன்டர்வியூ முடியட்டும்கிறார், இவளுக்கு என்ன முந்திரிக்கொட்டைத்தனம்?" என்று பாத்திரங்களிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். பாத்திரங்கள் அவள் கட்சி. எனக்கும் பயம்தான், நேற்று செய்தித்தாளை ஒரே பக்கத்தில் ஒரு மணி நேரம் பிடித்திருந்தேனாம். அப்போது அவளே அடுப்பை அணைத்துவிட்டு வந்து, "இவ எழுதினதை நம்பி மருந்து தேடுறாங்கன்னு சொன்னாளே, அவங்க எத்தனை பேரு?" என்றாள். இரண்டு ஆய்வுக்கூடம் என்றேன். "அங்கேயும் யாரோ பெத்த புள்ளைங்கதானே ராத்திரி பகலா உட்கார்ந்திருக்கும்" என்றாள். பிறகு வாதாடவில்லை. ஆகவே எழுது, இன்டர்வியூவுக்கு முன்பே எழுது. ஒன்று மட்டும் கேள். "எதிர்பாராத காரணங்களால்" என்று எழுதாதே. நான் நாளிதழில் இருந்த காலமெல்லாம் திருத்தம் வெளியிட்டவர்கள் அதைத்தான் எழுதினார்கள், படித்தவர் யாரும் நம்பியதில்லை. செல் தவறு, முடிவு தவறு, கண்டுபிடித்தது நானே என்று மூன்றையும் சொல். மூன்றாவதை அடக்கம் கருதி விட்டுவிடாதே, அடக்கத்துக்கு யாரும் சம்பளம் தருவதில்லை.

ஹெட்டிடம் வெடுக்கென்று பேசாதே, சிபாரிசுக் கடிதம் அவர் கையில் இருக்கிறது. வேளாவேளைக்குச் சாப்பிடு. லேபில் இருக்கிறேன் என்று சொல்வதற்காவது போனை எடு.

எங்கள் ஆசிகள் நிபந்தனையற்றவை. அம்மாவுடையதில் மட்டும் தினமும் பேச வேண்டும் என்று ஒரு நிபந்தனை உண்டு.

இப்படிக்கு,
உன் அப்பா

பி.கு.: நீ ஊருக்குப் போனபின் உன் அறையில் போட்டிருந்த தையல் மெஷினை அம்மா இன்று காலை ஹாலுக்கு மாற்றிவிட்டாள்.