பொட்டி “ஒன்றுமில்லை” என்று சொன்ன இருபத்தெட்டு நாட்கள்

அனுப்புநர்:
சை. பாத்திமா, எம்.ஏ.,
த/பெ. (மறைந்த) சையத் இப்ராஹிம்,
நாவமரத்துக்காடு, தலைச்சோலை அஞ்சல்,
ஏற்காடு வட்டம், சேலம் மாவட்டம்.

பெறுநர்:
தலைவர் அவர்கள்,
மலைப்பகுதி ஊற்றுநீர் அனுமதிக் குழு,
சேலம்.

பொருள்: நாவமரத்துக்காடு கல்லூத்து நீரைத் தனியார் தங்கும் விடுதிக்குக் குழாய் வழியே கொண்டு செல்ல அனுமதி – குழுவின் அறிவிப்பு எழுத்தாக இல்லாமல் படமாக வெளியிடப்பட்டமை – இணைய உலாவியின் குரல் உதவியாளர் அதைப் படிக்காமலே “அறிவிப்பு இல்லை” என்றமை – ஆட்சேபணைக் காலம் கடந்தமை – 28.03.2025 அன்று பிறப்பிக்கவுள்ள இறுதி ஆணையை நிறுத்திவைக்கக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: குழுவின் வலைத்தள அறிவிப்பு, நாள் 10.02.2025.

மதிப்பிற்குரிய ஐயா,

இறுதி ஆணைக்கு இன்னும் நான்கு நாட்களே இருப்பதால், முகமன் கூறித் தொடங்கும் மரியாதையைத் தவிர்த்திருக்கிறேன். பொறுத்தருள்க.

1. நாவமரத்துக்காட்டில் பதினான்கு வீடுகள் உள்ளன. எல்லா வீடுகளுக்கும் குடிக்க, சமைக்க, மாட்டுக்கு ஊற்ற உள்ள நீர் கல்லூத்து ஒன்றே. மார்ச் மாதத்தில் அங்கே ஒரு குடம் நிறைய ஆறு நிமிடம் ஆகிறது. ஏப்ரல் இறுதியில் பதினொரு நிமிடம். ஆழ்துளைக் கிணறு இரண்டு முறை தோண்டப்பட்டு இரண்டு முறையும் புழுதியே வந்தது. தண்ணீர் லாரி எங்கள் ஜீப் பாதையின் இரண்டாவது வளைவில் திரும்பாது. இந்த ஊற்றிலிருந்து நாற்பது அறைகளுக்கும் ஒரு நீச்சல் குளத்துக்கும் நீர் எடுக்க விடுதி நிர்வாகம் அனுமதி கேட்டிருக்கிறது. விடுதிக்கு வேறு நீர் கிடைக்கும். எங்களுக்குக் கிடைக்காது. இம்மனுவின் சாரம் இவ்வளவே. எஞ்சியவை இம்மனு ஏன் தாமதமாக வருகிறது என்பதற்கான விளக்கம்.

2. எனக்கு எழுபத்தைந்து வயது. விழித்திரையின் நடுப்பகுதி சிதைந்து மூன்றாண்டுகள் ஆகின்றன. எதிரில் நிற்பவரின் காதுகள் தெரியும்; முகம் தெரியாது. அச்செழுத்து அறவே தெரியாது. இதை அனுதாபம் கோரி எழுதவில்லை. பின்வரும் பத்திகள் விளங்கவே எழுதுகிறேன்.

3. ஏற்காடு கடைவீதியில் கைப்பேசிக் கடை வைத்திருக்கும் என் தம்பி மகன் நவாஸ், என் மடிக்கணினியின் உலாவியில் குரல் உதவியாளரை அமைத்துக் கொடுத்தான். வாயால் கேட்டால் அது தேடும். திறந்திருக்கும் பக்கத்தைத் தானே பார்த்து, அப்பக்கத்தை ஒட்டியே விடை சொல்லும். நான் ஐயப்பட்டேன். அது என் ஐயத்தைப் பத்தே நாளில் போக்கிவிட்டது. தேர்வு முடிவு, பஸ் நேரம், மிளகு விலை எதைக் கேட்டாலும் சரியாகச் சொன்னது. கண் கெட்ட பின் யாரையும் “கொஞ்சம் இதைப் படித்துச் சொல்லுங்கள்” என்று கெஞ்சாமல் வாழ முடிந்தது. அந்த வசதிக்கு நான் நன்றி மறந்தவள் அல்லள்.

4. ஊராரும் அதற்குப் பழகினர். அடுத்த வீட்டுத் திருமதி கண்ணாயி நாள்தோறும் பத்து மணிக்கு என் வாசலுக்கு வந்து, “ஏனுங்கம்மா, பொட்டி இன்னிக்கு என்ன சொல்லுதுங்க?” என்று கேட்பார். பொட்டி என்பது மடிக்கணினி. என்னைவிடப் பொட்டிக்கு மரியாதை அதிகம் என்பதை அவர் மறைத்ததில்லை.

5. ஊற்றுநீர் தொடர்பான அறிவிப்புகள் இனி வலைத்தளத்தில் மட்டுமே வெளியாகும் எனத் தங்கள் குழு சென்ற ஆண்டு முடிவு செய்தது. முன்பு ரேஷன் கடைச் சுவரில் ஒரு தாளாவது ஒட்டுவார்கள். அம்முடிவை ஊருக்குச் சொன்னவள் நான். “கவலைப்பட வேண்டாம், தினமும் நான் பார்த்துச் சொல்கிறேன்” என்று பதினான்கு வீட்டாரிடமும் வாக்குக் கொடுத்தவளும் நான். சென்ற நவம்பரில் வேறோர் ஊர்க் கிணறு பற்றிய அறிவிப்பை உதவியாளர் தேதி, சர்வே எண் உட்படப் பிழையறப் படித்தது. அன்று அந்த அறிவிப்பு எழுத்தாக இருந்தது என்பதையும், பிப்ரவரி அறிவிப்பு அவ்வாறு இல்லை என்பதையும் பின்னர்தான் அறிந்தேன்.

6. 10.02.2025 முதல், ஆட்சேபணைக்குக் கடைசி நாளான 12.03.2025 வரை, மின்சாரம் இல்லாத மூன்று நாட்கள் நீங்கலாக, இருபத்தெட்டு நாட்கள் தங்கள் பக்கத்தைத் திறந்து ஒரே கேள்வியைக் கேட்டேன்: “நாவமரத்துக்காடு பற்றியோ கல்லூத்து பற்றியோ புதிய அறிவிப்பு உண்டா?” இருபத்தெட்டு நாட்களும் ஒரே விடை வந்தது: “புதிய அறிவிப்பு எதுவும் இல்லை. இந்தப் பக்கம் நீர் சேமிப்பு வாரக் கொண்டாட்டங்களைப் பற்றியது. உறுதிமொழியைப் படிக்கட்டுமா?” அறிவிப்பு அதே பக்கத்தின் நடுவில் இருந்தது. தட்டச்சு செய்து, முத்திரையிட்டு, சற்றுக் கோணலாக ஸ்கேன் செய்த படமாக இருந்தது. படத்தைப் படிக்க இயலாத உதவியாளர் அதைச் சொல்லாமல், ஓரத்தில் இருந்த எழுத்துகளை வைத்து விடையைத் தயாரித்துக்கொண்டது. “இங்கே ஒரு படம் இருக்கிறது, எனக்குப் படிக்கத் தெரியவில்லை” என்று ஒரே ஒரு நாள் சொல்லியிருந்தால் நவாஸை அன்றே வரவழைத்திருப்பேன்.

7. பிப்ரவரி மூன்றாம் வாரத்தில் திரு. பொன்னுவேல், ஊற்றுக்குக் கீழே இரண்டு பேர் டேப் பிடித்து அளப்பதைக் கண்டார். எங்கள் ஊரில் எதற்கும் முன்னால் நிற்பவர் அவர். மிளகு பறிப்பை விட்டுவிட்டுச் சேலம் போய்த் தங்கள் அலுவலகத்தில் விசாரித்து வருவதாக என்னிடம் வந்து சொன்னார். “வலைத்தளத்தில் ஒன்றுமில்லை. அளப்பவர்கள் ஆயிரம் காரணத்துக்கு அளப்பார்கள். ஒரு நாள் பறிப்பை வீணாக்காதீர்கள்” என்றேன். அவர் தம் கண்ணால் பார்த்ததை விட்டு என் சொல்லை நம்பினார். ஆட்சேபணைக் காலம் முடிய அப்போது இருபத்தொரு நாட்கள் மீதமிருந்தன. இப்பத்தியை எழுதாமல் விட்டிருக்கலாம். விட்டால் இம்மனு பொய் மனுவாகும்.

8. 17.03.2025 திங்கட்கிழமை காலை கண்ணாயி, “தெனமும் அந்த ஆபீசுப் பக்கத்தையே தொறக்கறீங்க. நேரா ஊத்தைப் பத்தியே கேளுங்களேன், பொட்டிக்கு என்ன தெரியுதுன்னு பாப்போம்” என்றார். கேட்டேன். உதவியாளர் மிக இனிய குரலில், தயக்கமின்றிச் சொன்னது: “சேர்வராயன் மலையின் கல்லூத்துச் சுனை நீர், மே மாதம் முதல் எங்கள் விருந்தினரின் ஒவ்வொரு குளியலறைக்கும், இயற்கை நீச்சல் குளத்துக்கும்.” அது விடுதியின் வலைப்பக்கம். விடுதிக்காரர்கள் தங்கள் செய்தியை எழுத்தாக எழுதியிருந்தார்கள். எனவே உலாவியால் படிக்க முடிந்தது. குடிக்கும் நீர் பற்றிய அரசு அறிவிப்பைப் படிக்க முடியவில்லை. குளிக்கும் நீர் பற்றிய விளம்பரத்தைப் படிக்க முடிந்தது. கண்ணாயி அதை இன்னொரு முறை சொல்ல வைக்கச் சொன்னார். பிறகு, “நம்ம ஊத்துங்களா அது?” என்று மட்டும் கேட்டார்.

9. மறுநாள் நவாஸ் வந்து தங்கள் பக்கத்தைப் பார்த்தான். நடுவில் இருந்த படத்தைப் பெரிதாக்கினான். பிறகு படித்தான். சர்வே எண் எங்களுடையது. கெடு முடிந்து ஆறு நாட்கள் ஆகியிருந்தன. அதன் கீழே புதிதாக இன்னொரு படம்: “ஆட்சேபணை ஏதும் வரப்பெறவில்லை. 28.03.2025 அன்று இறுதி ஆணை பிறப்பிக்கப்படும்.” அன்று மாலையே குப்பனூர் சாலை வழியாக ஏறிவந்த லாரி, எங்கள் ஜீப் பாதையின் தொடக்கத்தில் கருங்குழாய்களை இறக்கிவிட்டுச் சென்றது.

10. பதினான்கு வீட்டாரையும் அழைத்து நடந்ததைச் சொன்னேன். திட்டுவார்கள் என்று எதிர்பார்த்தேன், திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். கண்ணாயி சொன்னது இது: “வுடுங்கம்மா. உங்களுக்குக் கண்ணு தெரியாதுங்குறது ஊருக்கே தெரியும். அந்தப் பொட்டிக்குந் தெரியாதுன்னு யாரு கண்டா? அதுதான் நொம்பத் தெரிஞ்ச மாதிரி பேசுச்சே.” சொல்லிவிட்டுக் குடத்தை எடுத்துக்கொண்டு ஊற்றுக்குப் போய்விட்டார். அன்று முதல் பத்து மணிக்கு என் வாசலுக்கு யாரும் வருவதில்லை.

11. 20.03.2025 அன்று பொன்னுவேல் தங்கள் அலுவலகத்துக்கு வந்தார். பிரிவு எழுத்தர் அவரிடம், “வெப்சைட்டுல ஒரு மாசமா கெடக்குது, பாக்காதது யாரு தப்பு?” என்று கேட்டிருக்கிறார். “பாத்தோமுங்க, தெனமும் பாத்தோமுங்க” என்று பொன்னுவேல் சொன்னதற்கு எழுத்தர் சிரித்தாராம். எழுத்தர் மீது எனக்குப் புகார் இல்லை. அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் சிரித்திருக்கவும் மாட்டேன். “அடுத்து” என்று அழைத்திருப்பேன்.

12. ஏனெனில் அந்த நாற்காலி எனக்குத் தெரியும். அரசு அலுவலகமொன்றில் இருபத்தொன்பது ஆண்டுகள் பணியாற்றி, கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவள் நான். “ஆட்சேபணை ஏதும் வரப்பெறவில்லை” என்ற வரியை எத்தனை கோப்புகளில் எழுதியிருப்பேன் என்று கணக்கில்லை. எழுதும்போது அதன் பொருள் “அனைவருக்கும் சம்மதம்” என்றே எண்ணினேன். அதற்கு “யாருக்கும் தெரியாது” என்றும் பொருள் உண்டென்று ஒருமுறைகூட எனக்குத் தோன்றவில்லை. யாருமே அறியாத ஒன்றை அறிவிப்பு என்று கோப்பில் எழுதலாம். நானே எழுதியிருக்கிறேன். அதைக் குடிக்க முடியாது, ஐயா.

13. நான் சொல்வதைத் தாங்கள் நம்ப வேண்டியதில்லை. தங்கள் மேசைக் கணினியின் உலாவியிலும் இதே வசதி இருக்கக்கூடும். தங்கள் குழுவின் பக்கத்தைத் திறந்து, கண்களை மூடிக்கொண்டு, கல்லூத்து பற்றி அறிவிப்பு உண்டா என்று வாய்விட்டுக் கேட்டருளவும். அது என்ன விடை சொன்னாலும் கோப்பில் பதிவு செய்யக் கோருகிறேன். அறிவிப்பைச் சரியாகப் படித்துவிட்டால் என் மனுவைத் தள்ளுபடி செய்யலாம். உறுதிமொழியைப் படிக்கட்டுமா என்று கேட்டால் மேற்கொண்டு படித்தருளவும்.

14. என் கோரிக்கைகள்:

அ) 28.03.2025 அன்று பிறப்பிக்கவுள்ள ஆணையை நிறுத்திவைக்க வேண்டும். நிறுத்தாவிடில் இறக்கிய குழாய்கள் ஒரே நாளில் பதிக்கப்பட்டுவிடும். அதன்பின் இம்மனுவைத் தாங்கள் எவ்வளவு பரிவோடு படித்தாலும் பயனில்லை.

ஆ) இத்துடன் இணைத்துள்ள, பதினான்கு குடும்பங்களின் கையொப்பமும் ரேகையும் கொண்ட ஆட்சேபணையைக் காலத்துக்குள் வந்ததாகவே ஏற்க வேண்டும்.

இ) தாங்களோ தங்கள் பொறியாளரோ ஏப்ரல் மாதத்தில் ஒரு விடியற்காலை கல்லூத்துக்கு நேரில் வந்து, ஒரு குடம் நிறையும் வரை நின்று பார்க்க வேண்டும். நாற்காலி தருகிறோம்.

ஈ) இனி அறிவிப்புகளை எழுத்தாகவும் வெளியிட வேண்டும். ரேஷன் கடைச் சுவரில் பழையபடி ஒரு தாளும் ஒட்ட வேண்டும். பார்வையற்றவளுக்குச் சுவர் எதற்கென்று கேட்கலாம். கண்ணாயி எட்டாம் வகுப்பு படித்தவர். என்னைவிட நன்றாகப் படிப்பார். நானும் பொட்டியும் குறுக்கே நிற்காதிருந்தால் அவரே படித்திருப்பார்.

15. தாமதம் மன்னிக்கப்படக் கூடாது என்று குழு கருதுமானால், தாமதித்தவள் நான் ஒருத்தியே என்பதைக் கருத்தில் கொள்ள வேண்டும். கல்லூத்திலிருந்து என் வீட்டுக்கு ஒரு ரப்பர் குழாய் வருகிறது. வயதைக் கருதி ஊரார் இழுத்துக் கொடுத்தது. அதைத் துண்டிக்கத் தங்களுக்கு இதன் மூலம் எழுத்துப்பூர்வமாக ஒப்புதல் அளிக்கிறேன். பதின்மூன்று வீடுகளை விட்டுவிடுங்கள். நான் கேட்கவல்ல வழிகள் எல்லாம் தீர்ந்துவிட்டன. அதிகாரி ஒருவரிடம் இவ்வாறு கெஞ்சி எழுதுவது என் வாழ்நாளில் முதல் முறை. இதற்குரிய நல்ல வாசகங்கள் எனக்குத் தெரியவில்லை.

16. இம்மனுவை நான் சொல்ல நவாஸ் தாளில் கைப்பட எழுதினான். எழுதியதை இருமுறை வாசிக்கச் செய்து கேட்டேன். வலைத்தளத்தில் பதிவேற்றவில்லை. பதிவேற்றினால் தங்கள் அலுவலகத்தில் எந்தக் குரல் இதைத் திறந்து, என்ன இருப்பதாகத் தங்களிடம் சொல்லும் என்று எனக்கு உறுதியில்லை. பொன்னுவேல் இதைக் கையில் கொண்டுவருகிறார். ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்புவதில்லை என்று கண்ணாயியிடம் சொல்லிவிட்டே கிளம்பியிருக்கிறார். இந்த முறை நான் அவரைத் தடுக்கவில்லை.

கோப்பில் உள்ள அந்த ஒரு வரியை மட்டும் தங்கள் கையால் அடித்துவிட்டு, “ஆட்சேபணை வரப்பெற்றது” என்று எழுதித் தேதியிடுமாறு மன்றாடுகிறேன்.

இடம்: நாவமரத்துக்காடு
நாள்: 24.03.2025

இப்படிக்கு,
சை. பாத்திமா
(கையொப்பம் கோட்டுக்கு வெளியே விழுந்திருந்தாலும் என்னுடையதே.)

இணைப்பு: பதினான்கு குடும்பங்களின் ஆட்சேபணை, ஒரு தாள். முதல் கையொப்பம் திருமதி கண்ணாயி.