முடுக்கில் வைத்த சீமை அத்தி

பாளையங்கோட்டை,
1911 நவம்பர் 9

பிரியமான மகன் சத்தியநேசனுக்கு உன் தகப்பன் எழுதுகிறது. கர்த்தருடைய கிருபையால் அந்த மலைக் குளிரும் காய்ச்சலும் உன்னை அண்டாமல் நீ சுகமாயிருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே நான் நடமாடிக்கொண்டிருக்கிறேன். வீட்டில் எல்லோரும் சுகம் என்று எழுதக் கை வரவில்லை. சொல்ல வேண்டியதில் எதையாவது விட்டுவிடுவேனோ என்ற பயத்தில் முதலிலேயே எண் போட்டுக்கொள்கிறேன்.

1. உன் அம்மாவின் தேகநிலை.
2. நீ போன தடவை இலங்கையிலிருந்து கொண்டுவந்து தந்த சீமை அத்திக் குச்சி காய்த்ததும், அந்தப் பழங்கள் போன வழியும்.
3. நீ இப்போது வர வேண்டியதில்லை என்பதற்குக் காரணங்கள்.

முதலாவது, அம்மாவின் தொண்டைக் கட்டி சுருங்கவில்லை, கத்தி வைக்க முடியாத இடம் என்று டாக்டர் சொல்லுகிறார், சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. பாலும் கஞ்சித் தண்ணீரும்தான் இறங்குகின்றன, வாழைப்பழத்தைப் பிசைந்து கொடுத்தாலும் அடைக்கிறது என்று தள்ளிவிடுகிறாள். பேச்சு மட்டும் குறையவில்லை. பால் கொண்டுவரும் இசக்கித்தாயிடம், எம்மவன் தந்த மரத்துல பழம் வரட்டும் பாரு, அது தொண்டையில நிக்காது, வழுக்கிக்கிட்டு போயிரும் என்று அவள் சொன்னது என் காதில் விழுந்தது. அன்று முதல் எனக்கு அந்தக் கன்றைத் தவிர வேறு நினைப்பில்லை.

இரண்டாவது, நம் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவே இருக்கிற முடுக்கில் ஒரு ஆள் ஒருச்சாய்ந்துதான் போகலாம் என்பது உனக்குத் தெரியும். அங்கேதான் மண்ணெண்ணெய்த் தகரத்தில் அடியில் துளையிட்டு, ஓட்டுச் சில்லு பரப்பி, ஆற்றுமணலும் மக்கின சாணமும் இடித்த பழங்காரையும் கலந்து குச்சியை நட்டேன். உச்சி வெயில் மட்டுமே விழுகிற இடம், ஆகையால் தகரத்தை நாள்தோறும் கொஞ்சம் திருப்பி வைத்தேன். தண்ணீர் அதிகமோ குறைவோ என்ற சந்தேகம் கடைசிவரை தீரவில்லை. எப்படியோ மூன்று பழம் பிடித்தது, அணிலுக்குப் பயந்து ஒவ்வொன்றையும் ஓலைக் கொட்டானால் மூடிக் கட்டினேன்.

முதலில் கனிந்ததை முதற்பலனாகக் கோவிலுக்குக் கொண்டுபோனேன். படைக்காமல் நாமே தின்பது சரியாகப் படவில்லை, அம்மா காத்திருப்பதும் தெரியும், ஆகையால் ஆராதனை முடிந்து காணிக்கைப் பொருள்களை ஏலம் போடும்போது நானே கேட்டு எடுத்து வந்துவிடலாம், இரண்டு கடமையும் தீரும் என்று கணக்குப் போட்டேன். கூட்டத்தில் எனக்குக் குரல் எழும்பாது என்பதைக் கணக்கில் சேர்க்கவில்லை. ஜவுளிக்கடை எலியேசர், இதென்ன வாத்தியாரய்யா, இம்புட்டுப் பெரிய தட்டுல பழத்தத் தேட வேண்டியிருக்கே, இன்னொரு தடவ கண்ணாடியும் சேத்துக் கொண்டாங்க என்றார், எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். வாயைத் திறப்பதற்குள் ஏலம் அவர் பேருக்கு முடிந்துவிட்டது. அவர் கோவில் படியில் நின்றே ஒரே வாயாகப் போட்டுக்கொண்டு, வெல்லம்லா என்றார். அவர்மேல் குற்றமில்லை, அவருக்கு ஒன்றும் தெரியாது. வீட்டுக்கு வந்து சொன்னபோது உன் அம்மா, ஏலத்துல வாயத் தொறக்கதுக்கும் எழுதி வச்சு வாசிக்கணுமாக்கும் ஒங்களுக்கு என்றாள். அதோடு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

இரண்டாம் பழத்தைப் பறிக்கப் பயந்தேன். நன்றாகக் கனியுமுன் பறித்தால் காம்புப் பால் வாயைப் புண்ணாக்கிவிடும், அந்தத் தொண்டைக்கு அது ஆகாது. இன்னும் ஒரு நாள் இன்னும் ஒரு நாள் என்று விட்டு வைத்தேன், மழை அடித்துப் பழம் வெடித்து உள்ளே எறும்பு ஏறிவிட்டது. மூன்றாவதை நேற்றுப் பறித்தேன். நல்ல பழம். தோலுரித்துப் பாலில் கரைத்துக் கரண்டியில் கொடுத்தேன். நாக்கில் வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தாள், விழுங்க முடியவில்லை, துணியில் துப்பிவிட்டு, இனிக்கத்தான் செய்யுது என்றாள்.

மூன்றாவது, லீவு கேட்டால் உன் துரை வேறு ஆளை வைத்துக்கொள்ளலாம். அடைமழைக் காலம், கடல் கொந்தளிப்பாக இருக்கும், தூத்துக்குடியில் இறங்குவதே பாடு. நீ வந்து செய்யக்கூடியதும் ஒன்றுமில்லை, வேண்டியதை நான் செய்துகொள்ளுகிறேன். உன் அம்மாவும் உன்னை வரச் சொல்லி ஒரு நாளும் கேட்டதில்லை. ஆகவே பங்குனியில் வந்தால் போதும்.

வெந்நீரே குடி, கம்பளி இல்லாமல் வெளியே போகாதே, ஜெபத்தை விடாதே. கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக.

உன் அன்புள்ள தகப்பன்,
தே. தேவசிகாமணி

கடிதத்தை மடிக்கும்போது யாருக்கு எழுதுதிய என்று உன் அம்மா கேட்டாள். சொன்னேன். வரச் சொல்லி எழுதிட்டியள்ல, என்னிக்குக் கப்பல் ஏறுதானாம் என்றாள். எழுதிவிட்டேன் என்று சொல்லிவிட்டேன். தலையணையை வாசலைப் பார்க்க மாற்றிப் போடச் சொன்னாள், போட்டுவிட்டு வந்திருக்கிறேன். தபால் கட்டும் நேரம், திரும்ப எழுத முடியாது. மூன்றாவதாக எழுதியது தவறு. உடனே புறப்படு.